விஜயதசமிக்கு எடுத்த வீணை, பொங்கலுக்குள் மூலைக்குப் போவது ஏன்?

விஜயதசமியன்று காலையில் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. கூடத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணையோடு தாம்பாளங்கள் வரிசை கட்டி நிற்கும். பட்டுப்பாவாடை கட்டிய ஏழு வயதுப் பெண், ஏறக்குறைய தன் உயரமே இருக்கும் வீணைக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருப்பாள். டீச்சர் அவள் விரலைப் பிடித்துத் தந்தி மேல் வைத்து 'ஸ' என்று மீட்ட வைப்பார். அப்பா மொபைலில் எடுத்த வீடியோ, அவர்கள் வீடு திரும்பும் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பொங்கலுக்கு அதே வீட்டுக்குப் போனால் வீணை உறைக்குள் இருக்கும். உறை, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும். "கிளாஸுக்குப் போறாளா?" என்று அத்தை கேட்பார். "போறா... ஆனா வீட்டுல தொடறதே இல்லை. தினம் கத்த வேண்டியிருக்கு" என்பார் அம்மா.

கீபோர்டு, வயலின், மிருதங்கம், கிட்டார் என வாத்தியம் எதுவானாலும் கதை பெரும்பாலும் இதேதான். பெற்றோர் சொல்லும் காரணமும் ஒன்றுதான்: "ஆரம்பத்துல இருந்த ஆர்வம் இப்ப இல்லை." ஆர்வம் இருந்தால் சாதகம் தானாக நடக்கும் என்பது இதில் ஒளிந்திருக்கும் நம்பிக்கை. வாத்தியமே வாழ்க்கையாக இருந்தவர்களின் வீடுகளில் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். அங்கே தினமும் வாசிப்பு நடக்க ஓர் ஏற்பாடு இருந்தது. ஆர்வம் அதற்குள் வந்தும் போயும் கொண்டிருந்தது.

முதல் நூறு நாள்

குழந்தை சோம்பேறி என்று முடிவு கட்டும் முன், அந்த முதல் மூன்று மாதத்தில் அதற்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீணையில் 24 மெட்டுகள், 7 தந்திகள். வாசிக்கும் நான்கு தந்திகளை இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். உலோகத் தந்தி பிஞ்சு விரலில் கோடு போட்டுவிடும். முதல் வாரத்தில் எரிச்சல், அடுத்த வாரத்தில் சிவப்பு, பிறகு மெல்லத் தோல் தடித்துக் காய்ப்பு காய்க்கும். விரலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாசிப்பது இதனால்தான். எண்ணெய் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு ஓடும், உரசல் குறையும். காய்ப்பு காய்க்கும் வரை வலி உண்டு என்பதையும், அது போய்விடும் என்பதையும் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லும் வீடுகள் குறைவு. "எனக்கு மட்டும்தான் வலிக்குது, எனக்கு வீணை வராது" என்று அது தானாக ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறது.

அடுத்தது நாதம். மெட்டுக்கு மிக அருகில் விரல் பட்டால்தான் சுரம் தெளிவாக வரும். கொஞ்சம் தள்ளி அழுத்தினால் தந்தி 'கிர்'ரென்று அதிரும். டீச்சர் மீட்டினால் தேனாக வரும் அதே தந்தி, தன் கையில் ஈயத்தட்டு மாதிரி சத்தம் போட்டால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும்? வயலினில் இது இன்னும் மோசம். அதில் மெட்டே கிடையாது. விரல் ஒரு நூல் தள்ளிப் போனாலும் அபஸ்வரம். முதல் சில மாதங்களில் வயலின் படிக்கும் வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்தே குழந்தை பாதி மனசு விட்டுவிடும்.

மூன்றாவது, பாடம். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வழியில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளத்துக்கான அலங்காரங்கள் என எல்லாமே மாயாமாளவகௌளையில்தான் போகும். அதன் பிறகு கீதம், ஸ்வரஜதி, வர்ணம். கீர்த்தனை அதற்கும் அப்பால். சினிமாப் பாட்டு வாசிக்கப்போகிறோம் என்று கனவோடு வந்த குழந்தை, மாதக்கணக்கில் 'ஸரிகம பதநிஸ' என்று மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. ஏன் இந்த ஒரே ராகம் என்று அது கேட்கவும் செய்யாது. யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

சொன்னால் ரசிக்கக்கூடிய விஷயம்தான் அது. மாயாமாளவகௌளையில் ஸ-ரி-க-ம என்ற முதல் பாதியில் சுரங்களுக்கு நடுவே என்ன இடைவெளியோ, அதே இடைவெளிதான் ப-த-நி-ஸ என்ற மறு பாதியிலும். முதல் பாதியைக் காது பிடித்துக்கொண்டால் மறு பாதி இலவசம். ஒரு மாலை நேரத்தில் இரண்டு பாதியையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டி, "ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். சலித்துப்போன சரளி வரிசைக்குள் ஒரு விடுகதை இருப்பது அப்போதுதான் அதற்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வீணை

"அந்தக் காலத்துல எல்லாம் தானா சாதகம் பண்ணினாங்க" என்பது தாத்தாக்களின் நிரந்தர வசனம். தானாக இல்லை.

குருகுலத்தில் இருந்த மாணவனுக்கு மன உறுதியை நம்பி இருக்க வேண்டிய தேவையே இல்லை. விடியற்காலையில் எழுப்ப ஆள் இருந்தது. பக்கத்தில் மூத்த மாணவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களையிலோ திண்ணையிலோ குருவின் காது இருந்தது. தப்பாக வாசித்தால் உள்ளே இருந்தே ஒரு அதட்டல் வரும். கண்டிப்பும் அடியும் கூட இருந்தன. அதையெல்லாம் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அந்த வாழ்க்கையில் மூன்று விஷயங்கள் இருந்தன: குறித்த நேரம், குறித்த இடம், கேட்க ஒரு காது.

கோயில் நாகஸ்வரக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு இன்னும் கெட்டி. காலைப் பூஜைக்கு வாசிக்க வேண்டும், பள்ளியறைக்கு வாசிக்க வேண்டும். காலையில் பூபாளம், இரவில் நீலாம்பரி என்று நேரத்துக்கு ராகம் உண்டு. மனசு சரியில்லை, இன்றைக்கு மூடு இல்லை என்று சாமியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. வாசித்தே ஆக வேண்டிய அந்த நேரங்களே அவர்களுடைய சாதகத்தின் பெரும்பகுதி.

வீணை தனம்மாளை (1867-1938) எடுத்துக்கொள்ளலாம். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்களே வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். மைக் கிடையாது; வீணையின் நாதம் மெல்லியது. வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்தால்தான் கேட்கும். அவ்வளவு பெரிய கலைஞருக்கும் ஒரு கிழமை இருந்தது, வந்து உட்கார நாலு பேர் இருந்தார்கள். சரளி வரிசை வாசிக்கும் குழந்தைக்கு மட்டும் அது வேண்டாமா?

இதை வீட்டில் செய்ய செலவே இல்லை. வாரத்தில் ஒரு நாள், வெள்ளியோ ஞாயிறோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் வீட்டுக் கச்சேரி. டி.வி. ஆஃப். மொபைல்கள் தலைகீழாக மேஜை மேல். அந்த வாரம் என்ன பாடமோ அதுதான் நிகழ்ச்சி, ஒரு அலங்காரமானாலும் சரி. ஊரில் இருக்கும் பாட்டியை வீடியோ காலில் உட்கார வைக்கலாம். பாட்டிகளைப் போல நல்ல சபை அமையாது. அபஸ்வரத்துக்கும் "பேஷ்" என்பார்கள், அடுத்த வாரம் மறக்காமல் கூப்பிட்டும் கேட்பார்கள். தினமும் "வாசிச்சியா?" என்று விரட்டுவதைவிட, "வெள்ளிக்கிழமை பாட்டி கேப்பா" என்ற ஒன்று செவ்வாய்க்கிழமையே வீணையைப் பீரோ பக்கத்திலிருந்து வெளியே எடுத்துவிடும்.

இதன் பெரிய வடிவம்தான் தியாகராஜ ஆராதனை. ஆண்டுதோறும் திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடி வாசிக்கும்போது, முன்வரிசையில் பெரிய வித்வான்கள். பின்னால் பாதி மட்டும் பாடமான மாணவர்கள். பல ஊர்களில் பேட்டைக்குப் பேட்டை இதே மாதிரி கோஷ்டி கானம் நடக்கிறது. தனியாக மேடையேறப் பயப்படும் பிள்ளைகளுக்குக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து வாசிப்பது நல்ல இலக்கு. தேதி குறித்த இலக்கு என்பதால் தள்ளிப்போடவும் முடியாது.

பெர்லின் மாணவர்கள் சொன்னது

ஆண்டர்ஸ் எரிக்ஸன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் மேதை ஆகலாம்' என்று பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய கோஷத்துக்கு மூலம் அதுதான். அந்தக் கோஷத்தை எரிக்ஸனே ஒப்புக்கொள்ளவில்லை என்பது தனிக்கதை.

கோஷத்தில் காணாமல் போன விஷயங்கள்தான் சாதாரண வீடுகளுக்கு வேண்டியவை. முன்னேற்றத்துக்கு மிக முக்கியம் தனியாகச் செய்யும் பயிற்சி என்று அந்த மாணவர்கள் சொன்னார்கள். ஆனால் அது மிகுந்த முயற்சி கேட்கும் வேலை என்றும், மற்ற சில வேலைகள் அளவுக்கு இன்பமானது அல்ல என்றும் அவர்களே மதிப்பிட்டார்கள். நன்றாக வாசித்தவர்கள் ஒரே மூச்சில் நாள் முழுக்க வாசிக்கவில்லை. சுமார் ஒன்றரை மணிக்குள் நிறுத்தி, ஓய்வெடுத்து, மறுபடி உட்கார்ந்தார்கள். பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள்.

வயலினையே வாழ்க்கையாகத் தேர்ந்தெடுத்த இளைஞர்களுக்கே சாதகம் கஷ்டமான வேலைதான் என்றால், மாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து பையை வீசிவிட்டு விழும் குழந்தையிடம் "உனக்கு இஷ்டமே இல்லை" என்று சண்டை போடுவதில் நியாயம் குறைவு.

பழக்கம் எப்படி உண்டாகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்த இன்னொரு ஆய்வு 2009-ல் வெளியானது. 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுபோல நாளின் ஒரு வேளையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் என்று கணக்கு காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது போன்ற வேலைகள். பழம் சாப்பிடவே இத்தனை நாள் என்றால் வீணைக்கு மூன்று மாதம் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. காய்ச்சல், கல்யாணம், கணக்குப் பரீட்சை என்று ஒரு நாள் போனால் போகட்டும். "ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சு" என்று மிரட்டுவதுதான் மறுநாளையும் சேர்த்துக் கெடுக்கிறது.

ஆக, எவ்வளவு நேரம் என்பதைவிட எப்போது என்பதுதான் முதல் கேள்வி. பல் தேய்ப்பது மாதிரி, பால் குடித்த டம்ளரைக் கீழே வைத்ததும் வீணை. முதல் மாதம் பத்து நிமிடமே போதும். ஞாயிற்றுக்கிழமை கிளாஸுக்கு முன் ஒன்றரை மணி நேரம் அடித்துப் பிடித்து வாசிப்பதைவிட, தினம் கால் மணி நேரம் வாசிப்பது கையில் நிற்கும். நடுவில் இரவுகள் வருகின்றன. தூங்கி எழும்போது நேற்று தடுமாறிய விரல் கொஞ்சம் பழகியிருக்கும்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன?

பெரும்பாலான வீடுகளில் சாதகம் என்றால் பாடத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இரண்டு முறை வாசித்துவிட்டு எழுந்திருப்பது. மோகன வர்ணத்தின் பல்லவி மட்டும் கல்யாணி மாதிரி கம்பீரமாக இருக்கும் (ராகம் மாறிவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு!), சரணத்தில் மூன்றாவது ஆவர்த்தனம் வந்ததும் வழக்கமான இடத்தில் வழக்கமான தடுக்கல். ஆறு மாதமாக அதே இடம். உண்மையில் அந்தத் தப்பும் ஆறு மாதமாகச் சாதகம் ஆகியிருக்கிறது.

அனுபவமுள்ள ஆசிரியர்கள் அந்த இடத்தை மட்டும் தனியே பிய்த்து எடுக்கச் சொல்வார்கள். ஒரு ஆவர்த்தனம், சில நேரம் நாலே சுரம். முதல் காலத்தைவிடவும் மெதுவாக. தப்பில்லாமல் ஐந்து முறை வந்த பிறகு, முன்னால் ஒரு ஆவர்த்தனத்தையும் பின்னால் ஒன்றையும் சேர்த்துக் கோக்க வேண்டும். "இன்னைக்கு அரை மணி நேரம் வாசி" என்பது குழந்தைக்குச் சிறைத் தண்டனை. "அந்த நாலு சுரத்தைப் பிடி, பிடிச்சா எழுந்துக்கலாம்" என்பது விளையாட்டு. பல நாட்களில் பிடித்த பிறகும் எழுந்திருக்காது.

மொபைலைத் திட்டிக்கொண்டே இருக்கிறோமே தவிர, இங்கே அதைப் போல உதவியாள் இல்லை. தம்புரா ஆப் சுருதி தரும். தாள ஆப் ஓடாமல் பிடித்துவைக்கும். மாதம் ஒருமுறை அதே பாடத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி. தினமும் வாசிப்பவருக்குத் தன் வளர்ச்சி தெரியாது. தை மாதப் பதிவையும் சித்திரை மாதப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், "இது நானா?" என்று அந்த முகம் மலர்வதைப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, அந்த நேரத்துக்கு போன் ஏரோப்ளேன் மோடில் இருக்க வேண்டும்.

கடைசி மூன்று நிமிடம் குழந்தையுடையது. சினிமாப் பாட்டோ, விளம்பர மெட்டோ, காதால் கேட்டுத் தேடித் தேடி வாசிக்கட்டும். "கையைக் கெடுத்துக்காதே" என்று தடுக்கும் டீச்சர்கள் இருக்கிறார்கள். தப்பான விரலமைப்பு பழகிவிடும் என்ற அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் கேட்டதைத் தந்தியில் தேடிப் பிடிப்பது காதுக்கு நல்ல பாடம். அந்த மூன்று நிமிடத்துக்காகவே முதல் பன்னிரண்டு நிமிடத்தை முடித்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ.

உறையிலிருந்து வெளியே

வாத்தியம் எங்கே இருக்கிறது என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. உறையின் ஜிப்பைத் திறந்து, தூக்கி, பாய் விரித்து, சுருதி சேர்த்து... இதற்கே பத்து நிமிடம் என்றால் மனசு தட்டிக்கழிக்கும். கூடத்து மூலையில், வெயிலும் ஏ.சி. காற்றும் நேரே படாத இடத்தில், பருத்தித் துணி மூடி படுக்க வைத்திருந்தால் போதும். போகிற வருகிற கை ஒரு தடவை மீட்டிவிட்டுப் போகும்.

சுருதி கலைந்த வீணையும் ஆர்வத்தைக் கொல்லும். மெட்டுகள் பதிந்திருப்பது மெழுகில். நாளடைவில் மெழுகு இளகியோ விரிசல் விட்டோ மெட்டு இடம் மாறினால், எவ்வளவு சரியாக அழுத்தினாலும் சுரம் பொய்யாகத்தான் ஒலிக்கும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் புது மெழுகில் மெட்டுகளைப் பதித்து வாங்கினால், அதே குழந்தை அதே பாடத்தைத் திடீரென்று நன்றாக வாசிக்கும்.

அபார்ட்மென்ட்டில் வீணைக்குப் பிரச்னை இல்லை. சத்தம் அடுத்த அறைக்கே சரியாகப் போகாது. வயலினுக்குக் குதிரையின் மேல் செருகும் ரப்பர் மியூட் உண்டு. மிருதங்கக்காரர்கள் பாடுதான் சிரமம். கீழ் வீட்டில் கைக்குழந்தை தூங்கும் நேரத்தில், 'தா தீ தொம் நம்' என்று வாயால் சொல்லிக்கொண்டு தொடையில் தட்டிப் பழகலாம். அதுவும் சாதகம்தான். கணக்கு மனசில் ஏறுவது வாயால் சொல்லும்போதுதான்.

பரீட்சை வந்துவிட்டது

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் "பத்தாவது, இனிமே பாட்டெல்லாம் வேண்டாம்" என்ற அறிவிப்பு வருகிறது. அங்கே உடையும் தொடர்ச்சி பெரும்பாலும் ஒட்டுவதில்லை. 1935-ல் பிறந்த உமையாள்புரம் சிவராமன், பத்து வயதில் கும்பகோணத்தில் மிருதங்க அரங்கேற்றம் செய்தவர். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் சட்டப் பட்டமும் வாங்கினார். மிருதங்கத்தையும் விடவில்லை. எல்லோரும் அவர் ஆக முடியாது, வேண்டியதும் இல்லை. பரீட்சை மாதங்களில் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு, தெரிந்ததை மட்டும் ஐந்து நிமிடம் வாசித்தால் கயிறு அறுந்துபோகாமல் இருக்கும். டீச்சரிடம் இதை நேராகச் சொல்லலாம்: "மிஸ், மார்ச் வரைக்கும் பழசு மட்டும் வாசிக்கட்டும்." பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். சொல்லாமல் நின்றுபோவதுதான் அவர்களுக்கு வருத்தம்.

நிஜமாகவே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அம்மாவுக்கு நிறைவேறாத வீணை ஆசை மகளின் விரலில் ஏறியிருக்கலாம். விடலாம், தப்பில்லை. ஆனால் சண்டை நடந்த வாரத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். 'கீதங்கள் முடியட்டும், அப்புறம் நீயே சொல்' என்று ஓர் எல்லை வைக்கலாம். எல்லை வந்ததும் அது சொல்வதை மதிக்கவும் வேண்டும். வீணையை விட்டுவிட்டு மிருதங்கத்தில் போய் ஜெயித்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சேட்டை செய்ததற்குத் தண்டனையாக "போய் வீணையை எடு" என்று சொல்லும் வீட்டில் மட்டும் எந்த வாத்தியமும் தேறாது.

இருபது வருடம் கழித்து

இந்தக் கதையில் இன்னொரு வீணையும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் வர்ணம் வரை வாசித்து, பிறகு வேலை, குழந்தை, மாமியார் மருந்து என்று பரண் ஏறியது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் அதை இறக்கித் துடைக்கும் அம்மாக்கள் இப்போது அதிகம். பணி ஓய்வு பெற்ற பிறகு முதன்முதலாக வயலின் பிடிக்கும் அப்பாக்களும் ஆன்லைன் வகுப்புகளில் உட்கார்கிறார்கள்.

இவர்களை விரட்ட ஆள் இல்லை. இவர்களுடைய பிரச்னை வேறு: காதுக்கு வயதாகிவிடுவதில்லை, கைதான் பின்தங்கிவிடுகிறது. பழைய வாசிப்பு நினைவில் இருப்பதால், இன்றைய தடுமாற்றம் இரண்டு மடங்காக வலிக்கும். இறக்கிய முதல் நாளே பழைய மோகன வர்ணத்தில் கை வைத்து, நொந்து, மறுபடி உறைக்குள் போட்டவர்கள் ஏராளம்.

முதலில் புதுத் தந்தி போட்டு, மெட்டுகளைச் சரிபார்த்துவிட வேண்டும். தரையில் சம்மணமிட முழங்கால் ஒத்துழைக்காவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்தபடி வீணையை வைத்து வாசிக்கத் தாங்கிகள் கிடைக்கின்றன. விரல் நுனி எரிச்சல் சகஜம். மணிக்கட்டிலோ தோளிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். பாடம் சரளி வரிசையிலிருந்தே தொடங்கட்டும், முதல் காலம் மட்டும், பத்து நிமிடம். அடுப்பில் குக்கர் ஏற்றிவிட்டு மூன்று விசில் வரும் வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சில வாரங்களில் விரலில் பழைய காய்ப்பு திரும்பி வரும். இரண்டாம் காலம் அதற்குப் பிறகு.